ஆக்சிஜன் காற்றா, மருந்தா? திருப்பதி ரூயா மருத்துவமனையின் அந்த ஐந்து நிமிடங்கள் கேட்கும் கேள்வி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 2025-இல் இறந்ததற்குப் பிறகு, நம்மில் பலருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மருந்து பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறோம். யார் தயாரித்தது, என்ன கலந்திருக்கிறது, எப்போது காலாவதி? நல்ல பழக்கம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் சர்வசாதாரணமாகத் தரப்படும் ஒரு மருந்துக்கு, படுக்கையருகே திருப்பிப் பார்க்க எதுவுமே இருக்காது. சுவரில் ஒரு துளை, அதில் ஒரு மீட்டர், அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான்.

அது ஆக்சிஜன். "அது காற்றுதானே, மருந்தா?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி அது மருந்துதான். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் அது இருக்கிறது. 2020 செப்டம்பரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், தயாரிப்பாளர்கள் விற்கும் திரவ ஆக்சிஜனுக்கு ஒரு கன மீட்டருக்கு ₹15.22 என்று உச்சவரம்பு வைத்தது. மாத்திரைக்கு விலை வைப்பது போலவேதான்.

சரி, மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, தீர்ந்துபோகும் நேரமும் உண்டு. இந்த மூன்றையும் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அதன் விலை என்ன என்பதற்கு, நம் எல்லையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் திருப்பதியில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

2021 மே 10: என்ன நடந்தது?

திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா ராம்நாராயண் ரூயா அரசு மருத்துவமனை அன்றைய சித்தூர் மாவட்டம் முழுவதற்கும் பெரிய ஆஸ்பத்திரி. (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்.) கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது. இரவு எட்டு மணிக்கு மேல் குழாய்களில் அழுத்தம் குறைந்தது. நிலைமையைச் சரிசெய்யச் சுமார் ஐந்து நிமிடங்கள் ஆனதாக மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். அந்த இடைவெளியில் ஐசியூவில் இருந்த 11 பேர் இறந்தார்கள். இது அரசின் எண்ணிக்கை. குடும்பங்களும் எதிர்க்கட்சியும் இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்றார்கள். ஆத்திரமடைந்த உறவினர்கள் ஐசியூவுக்குள் நுழைந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ₹10 லட்சம் அறிவிக்கப்பட்டது.

அடுத்து நடந்தது பலருக்கு நினைவில் இருக்காது. 2021 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்கள் எதுவும் தனியாகத் தெரிவிக்கவில்லை என்றது. ஆகஸ்டில் ஆந்திரா கொடுத்த தகவல் வந்தது. ரூயாவில் 10 கிலோலிட்டர் டேங்கில் அளவு இறங்கியதற்கும், மாற்று ஏற்பாடான சிலிண்டர் வரிசையைத் திறந்ததற்கும் இடையிலான நேரத்தில், வென்டிலேட்டருக்குப் போகும் குழாயில் அழுத்தம் குறைந்ததே முதல் பார்வையில் காரணம் என்று அதில் இருந்தது.

கவனியுங்கள். அந்த விளக்கத்தின்படி மாற்று சிலிண்டர்கள் இருந்தன. டேங்க் இறங்குவதற்கும் அதைத் திறப்பதற்கும் இடையில்தான் ஓட்டை.

10 கிலோலிட்டர் என்பது எவ்வளவு?

ஒரு லிட்டர் திரவ ஆக்சிஜன் வாயுவாக மாறினால் சுமார் 860 லிட்டர். அப்படியானால் 10,000 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் 86 லட்சம் லிட்டர் வாயு. கடலளவு என்று தோன்றும். 600 பேருக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். 600 பேருக்கு 86,40,000. டேங்க் ஒரே நாளில் காலி.

சிலிண்டருக்கும் இதே கணக்குதான். பெரிய ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 23 மணி நேரம் வரும். மூக்கு வழியாக அதிவேகத்தில் செலுத்தும் கருவியில் 60 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆம்புலன்சில் வைக்கும் சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். 5 லிட்டர் வேகத்தில் ஐந்து மணி நேரம். சித்தூரிலிருந்து வேலூருக்கு நோயாளியை அனுப்பும்போது இது போதும். அதே நோயாளிக்கு 15 லிட்டர் தேவைப்பட்டால் 100 நிமிடம்தான், வழியில் டிராஃபிக் இருந்தால் இடிக்கும்.

நர்சிங் மாணவர்கள் ஊசி மருந்துக்கும் டிரிப்புக்கும் சொட்டுக் கணக்குப் போடப் பழகுகிறார்கள். அதே நோட்டில் இந்தக் கணக்கும் இருக்க வேண்டும் என்பது என் வாதம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது மருந்தியலை இரண்டு தாள்களாகப் பிரித்தது. நல்ல மாற்றம். ஆனால் ஆக்சிஜன் கொடுப்பது முதலாண்டின் அடிப்படை நர்சிங்கிலேயே வந்துவிடுகிறது. அங்கே அது 'நோயாளியின் தேவை', படுக்கை விரிப்பதற்கும் குளிப்பாட்டுவதற்கும் பக்கத்தில் உட்காரும் ஒரு செய்முறை. செய்முறையாகப் படித்ததை மருந்தாக நினைப்பது கஷ்டம்.

ஐந்து 'சரி'களும் ஆக்சிஜனுக்கு உண்டா?

மருந்து கொடுக்கும்போது எந்த நர்சிங் மாணவரும் தூக்கத்தில்கூடச் சொல்வது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். திருப்பதி வட்டாரத்தில் முதல் 'சரி'யே சோதனைதான். ஒரு வார்டில் எத்தனை ஸ்ரீனிவாசலு, எத்தனை வெங்கடேஷ், எத்தனை லட்சுமி! பெயரை மட்டும் கூப்பிட்டால் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். அதனால்தான் பெயரோடு பதிவெண்ணையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

'சரியான மருந்து' ஆக்சிஜனில் தவறுமா? தவறியிருக்கிறது. 2011-இல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குடும்பக்கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு போனது. கோமாவுக்குப் போன அவர் 2012-இல் இறந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் ₹28 லட்சத்துக்கும் அதிகமாக இழப்பீடு தரச் சொன்னது. 2016-இல் இந்தூர் அரசு மருத்துவமனையிலும் இதே வாயுக் குழப்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

இதைத் தடுக்கத்தான் சிலிண்டருக்கு நிறம் இருக்கிறது. இந்தியாவில் ஆக்சிஜன் என்றால் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். நைட்ரஸ் ஆக்சைடு நீலம். மயக்க மருந்துக் கருவியில் பொருத்தும் சின்ன சிலிண்டர்களில் இரண்டுக்கும் ஊசித்துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். மாற்றிப் பொருத்தினால் உட்காராது. உட்காராததை யாராவது அடித்து உட்கார வைத்தாலோ, சுவருக்குப் பின்னால் குழாயே மாறிப்போயிருந்தாலோ, நோயாளியின் முகத்தையும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸ்தான் கடைசிக் காவல்.

அளவு: அதிகமும் ஆபத்து

இதுதான் நம் வீடுகளில் யாரும் நம்பாத விஷயம். "நல்லா ஏத்தி வைங்க சிஸ்டர், மூச்சு வாங்குது" என்று நாமே சொல்வோம். மீட்டரில் எண் 100 காட்டினால் நிம்மதி.

1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. விழித்திரையின் முதிராத ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். 1950-களின் நடுவில்தான் அளவுக்கு மீறிய ஆக்சிஜனைக் குற்றவாளி என்று ஆய்வு உறுதிசெய்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது, குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது. விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் ₹1.8 கோடி இழப்பீடு வழங்கியது. பணம் வர 19 ஆண்டுகள். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தை உங்கள் குடும்பத்தில் இருந்தால், நான்கு வாரத்துக்குள் கண் பரிசோதனை நடந்ததா என்று இன்றே கேளுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே.

பெரியவர்களுக்கும் அளவு உண்டு. பல ஆண்டுகள் பீடி, அடுப்புப் புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால், ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயங்கிவிடலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஆம்புலன்சிலேயே இப்படிப்பட்டவர்களுக்கு அளந்து கொடுத்தபோது என்ன ஆகிறது என்று சோதித்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: அளவில்லாமல் கொடுத்ததோடு ஒப்பிட்டால், இந்நோய் உறுதியானவர்களில் இறப்பு 78% குறைவு. கொரோனா காலத்தில் எய்ம்ஸும் ஐசிஎம்ஆரும் சொன்ன இலக்கும் 100 அல்ல. பொதுவாக 92 முதல் 96. இப்படிப்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு 88 முதல் 92.

கருவியும் அளவின் ஒரு பகுதிதான். சாதாரண முகமூடியை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கீழே வைத்தால், நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த முகமூடியில் பை சுருங்கிக் கிடந்தால் அது வெறும் அலங்காரம். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் எல்லாம் ஆக்சிமீட்டரை ஏமாற்றும். கறுத்த தோலில் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. நம் ஊருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

நர்ஸ் மீது பழி போட்டால் தீருமா?

இப்போது ரூயாவுக்குத் திரும்புவோம். 98 காட்டும் நோயாளிக்கு 10 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தால், அதைக் குறைப்பது அவருக்கும் நல்லது, டேங்குக்கும் நல்லது. இதை உணர்ந்தது மகாராஷ்டிரத்தின் பழங்குடி மாவட்டமான நந்துர்பார். அங்கே இரண்டாம் அலையில் 'ஆக்சிஜன் நர்ஸ்' என்று ஒருவரைத் தனியாக நியமித்தார்கள். படுக்கை படுக்கையாகப் போய் அளவைப் பார்ப்பது, கசிவைப் பார்ப்பது, தேவைக்கு மேல் ஓடினால் குறைப்பது. அதுதான் வேலை. மத்திய அரசே அதை மற்ற மாநிலங்களுக்கு உதாரணமாகக் காட்டியது. அதே மே மாதம் கேரள நர்ஸுகள் தடுப்பூசிக் குப்பியில் மிச்சமிருக்கும் துளியையும் வீணாக்காமல், வந்த 73.38 லட்சம் டோஸிலிருந்து 74.26 லட்சம் டோஸ் போட்டார்கள். மருந்தறிவு என்றால் இதுதான்.

ஆனால் இதற்கு ஆள் வேண்டும். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. பொது வார்டில், பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். உங்களுக்குத் தெரிந்த அரசு ஆஸ்பத்திரி வார்டை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. டேங்கைப் பார்ப்பவர் டெக்னீஷியன். அளவை எழுதுபவர் டாக்டர். நோயாளியைப் பார்ப்பவர் நர்ஸ். டேங்க் இறங்குகிறது என்ற செய்தி வார்டுக்கு வரும் வழி என்ன? பல இடங்களில் அலாரம் அடிப்பதுதான் முதல் செய்தி. அழுத்தம் விழுந்த பிறகு நர்ஸ் கையில் மிச்சமிருப்பது கைப்பம்பு போன்ற ஆம்பு பையும், பக்கத்தில் நிரப்பி வைத்த சிலிண்டர் இருந்தால் அதுவும்தான். ஒரு கையால் ஒரு நோயாளிக்குத்தான் அழுத்த முடியும். பிறகு பிரதமர் நிதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் ஆலைகள் நாடெங்கும் மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. இயந்திரம் வந்தது. அதை ஓட்டவும் பராமரிக்கவும் தினமும் ஆள் இருக்கிறாரா என்பது ஒவ்வொரு ஊரிலும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் என்ன கேட்கலாம்?

அப்பாவோ அம்மாவோ ஆக்சிஜனில் இருந்தால் மூன்று கேள்விகள் போதும். இலக்கு எத்தனை? இப்போது எத்தனை லிட்டர் ஓடுகிறது? இரண்டும் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதா? குரலை உயர்த்தாமல் கேளுங்கள், மீட்டரை நீங்களாகத் திருகாதீர்கள். வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருந்தால் பூஜை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் வேறு அறையில். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள்; எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

நீங்கள் திருப்பதியிலோ சித்தூரிலோ வேலூரிலோ நர்சிங் படிப்பவராக இருந்தால், அடுத்த வார்டு போஸ்டிங்கில் முதல் நாளே மூன்று இடங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்: உங்கள் வார்டின் ஆக்சிஜன் அலாரம் பலகை, குழாயை மூடும் வால்வு, ஆம்பு பை இருக்கும் அலமாரி. அலமாரிக்குப் பூட்டு இருந்தால் சாவி யாரிடம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.