பழைய மகிழுந்துக்கு எந்த விசிறி?



பழைய டட்சன் 120ஒய் மகிழுந்தைப் புதுப்பித்து ஓட்டும் ஆர்வம் நம் இளைஞர்களிடம் உண்டு. அதனை நான் குறைகூறவில்லை. ஆனால், வார்ப்பட்டையில் சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துவோர், அளவையும் பளபளப்பையும் மட்டுமே பார்த்து வாங்குவது சரியன்று.

வேகமாக ஓடுகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். விசிறி தேவைப்படுவது ரவாங் நகர நெரிசலில், நண்பகல் வெயிலில் ஊர்ந்து செல்லும்போதுதான். பின்னிருந்து காற்றை இழுக்கும் விசிறியே சிறந்தது. முன்னிருந்து தள்ளுவது, பின்னால் இடமில்லாதோருக்கு. ரேடியேட்டரை மூடும் உறையும் வேண்டும். உறையில்லையேல் விசிறிக்கு நேரான பகுதி வழியாகவே காற்று பாயும். பழைய உதிரிபாகக் கடையில் உறையோடு கழற்றிய பெரோடுவா விசிறி கிடைத்தால், அளந்து பார்த்து அதையே வாங்குவேன்.

இனி, பலரும் மறந்துவிடும் மின்சாரம். பெரிய விசிறி 20 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய மகிழுந்துகள் பலவற்றின் ஆல்டர்னேட்டர் தருவதோ 35 முதல் 45 ஆம்பியர்தான். இரவு மழையில் முகப்பு விளக்கும் துடைப்பானும் வேறு! ரிலே, உருகி, தடித்த கம்பி ஆகியவை இன்றி இணைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். 1894இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ஈயச் சுரங்க நீரை மின்சாரத்தால் இறைத்த ஊர்ப் பிள்ளைகள், ஆம்பியர்க் கணக்கு அறியாதிருக்கலாமா? மின்சுற்றுப் பாடத்தில் இதனையும் ஒரு கணக்காகக் கொடுங்கள், ஆசிரியர்களே. விசிறி வாங்கப் பணம் கேட்கும் மகனிடம் ஆல்டர்னேட்டரின் அளவைக் கேளுங்கள், பெற்றோர்களே.