கேமராவின் நிழலில் தொலையும் முகங்கள்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்ட 12 கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதமுள்ள ஒன்று நம்முடையது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கேமராவும் கைப்பேசியுமாகத்தான் வருகிறார்கள். ராஜகிரியையும் கல்யாண மகாலையும் எடுத்து முடித்தவர்களில் சிலர் ஊருக்குள்ளும் இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கடைத்தெரு, தெருவில் நடப்பவர்கள், சுவரில் விழும் நிழல். தெருப் புகைப்படக்கலை என்கிறார்கள் இதை.

இந்தக் கலையில் பழகியவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் வெயில் சாய்ந்த பின்னும்தான் நிழல் நீளும், சுவர் பொன்னிறமாகும், படம் நன்றாக வரும். ஒளிப்படக்காரர்கள் இதைப் 'பொன்னான நேரம்' என்று கொண்டாடுகிறார்கள்.

அதே நேரத்துக்கு நம் வரலாற்றில் வேறொரு பெயர் உண்டு. பேஷ்வாக்கள் காலத்துப் புனே நகரத்தில், பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை மகர், மாங் சாதியினர் நகர வாயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடை இருந்ததைச் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே எழுதியிருக்கிறார். காரணம் ஒன்றுதான்: அந்த நேரத்தில் அவர்களுடைய நிழல் மிக நீளமாக விழும், மேல்சாதிக்காரர் மீது பட்டால் தீட்டாம். அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலும் இதே நிழலைப் பற்றிப் பேசுகிறது. இந்து ஒருவர் எதிரே வந்தால் தீண்டப்படாதவர் பொதுத் தெருவில் நடக்கக் கூடாது என்றிருந்ததையும், புனேயில் தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டியிருந்ததையும் அவர் பதிவு செய்தார்.

செஞ்சியை மராட்டியர் ஆண்ட 1677 முதல் 1698 வரையிலான காலத்தின் மீது நாம் இந்தக் குற்றத்தைச் சுமத்தவில்லை. பேஷ்வாக்களின் காலம் அதற்குப் பின்னால் வந்தது. ஆனால் தெருவும் நிழலும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை அறிய நாம் புனேவரை போகவும் தேவையில்லை. பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்வதற்கே, 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில், இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில் தலித்துகள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த பிரச்சினையில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டு முத்திரை வைத்ததை நாம் பார்த்தோம்.

ஆகவே, காலை ஆறு மணித் தெருவில் நீண்டு விழும் ஒரு நிழலைக் கேமரா பிடிக்கும்போது, அது யாருடைய நிழல் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர் யார்? துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளர். மூட்டை இறக்க வந்த சுமைதூக்கும் தொழிலாளி. பூக்கூடையோடும் காய்கறிக் கூடையோடும் முதல் பேருந்தில் வந்து இறங்கும் பெண்கள். கலை தேடி வருகிறவரின் பொன்னான நேரம் இவர்களுக்கு வேலை நேரம்.

இவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பதல்ல நம் வாதம். எப்படி எடுக்கப்படுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. பெரும்பாலான படங்களில் இவர்கள் கறுப்பு உருவங்களாக மட்டுமே இருக்கிறார்கள். பின்னால் சூரியன், முன்னால் முகமற்ற ஓர் உடல், கையில் துடைப்பத்தின் கோடு. 'சில்அவுட்' என்று சொல்லி இதைப் பாராட்டுகிறார்கள்.

இதில் கருவிக்கும் பங்கு உண்டு. கேமராவின் ஒளி அளவி, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்கிவிடும். கறுத்த முகம் முதலில் காணாமல் போகும். கோடாக் நிறுவனத்தின் 'ஷெர்லி அட்டை' ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலையே அளவுகோலாக வைத்துப் பல ஆண்டுகள் உலகெங்கும் வண்ணப் படங்களைச் சரிபார்க்கப் பயன்பட்டது. இன்றைய கைப்பேசிகளின் 'பியூட்டி' வசதியும் நம்மூர் ஸ்டுடியோக்களின் கல்யாண ஆல்பங்களும் முகத்தை வெளுப்பாக்குவதையே அழகாக்குவது என்று நினைக்கின்றன. ஒன்று வெளுக்க வைப்பது, இல்லையென்றால் இருட்டில் தள்ளுவது. நம் நிறத்தை உள்ளபடி காட்டப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அல்லது அந்த அக்காவைச் சூரியனுக்கு எதிரே நிறுத்தாமல், திண்ணை நிழலில் தெருவைப் பார்க்க நிற்கச் சொன்னால் போதும்.

முகம் மறைந்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். முகம் மட்டும் மறைவதில்லை. கையுறை இல்லாத கையும் அந்தக் கறுப்பில் மறைந்துவிடுகிறது. காலுறை இல்லாத கால், கிழிந்த முகக்கவசம், வெறுங்கையால் அள்ளும் குப்பையில் கிடக்கும் உடைந்த கண்ணாடி எல்லாம் மறைகின்றன. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலைக்குப் பாதுகாப்புக் கருவிகளைக் கட்டாயமாக்குகிறது. அது கொடுக்கப்படவில்லை என்பதற்கு ஒரு தெளிவான படம் சாட்சியாகும். அழகான சில்அவுட்டால் எந்த அதிகாரியையும் பதில் சொல்ல வைக்க முடியாது.

முகத்தை மறைப்பது அவர்களுக்குப் பாதுகாப்புதானே என்றும் ஒரு வாதம் வருகிறது. சில நேரம் அது உண்மைதான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போகும் பயம் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் தெரிந்துவிடும் என்று கூசுகிற தாய்மார்களும் உண்டு. ஆனால் மறைப்பதா காட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் படத்தில் இருப்பவர். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, பெயரைக் கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்துவதில் எந்தக் கலையும் கெட்டுவிடாது.

பெயர் கேட்காமல் நம்மைப் படம் எடுப்பது புதிய பழக்கமும் அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் படங்களின் கீழே சாதிப் பெயர் இருக்கிறது. நின்றவரின் பெயர் இல்லை. 1876–78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த சென்னை மாகாண மக்களை வரிசையாக உட்காரவைத்து வில்லபி ஹூப்பர் எடுத்த படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. அந்த முகங்களுக்கும் பெயர் இல்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1942இல் வாஷிங்டனில் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் கோர்டன் பார்க்ஸ், அரசு அலுவலகம் ஒன்றில் தரை துடைத்த எல்லா வாட்சன் என்ற பெண்ணை, ஒரு கையில் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்திப் படம் எடுத்தார். அவருடைய கதையைக் கேட்ட பிறகே எடுத்தார்; வீடு, தேவாலயம் என்று தொடர்ந்து பதிவு செய்தார். துடைப்பம் அந்தப் படத்தில் அலங்காரமாக இல்லை. நாட்டைக் கேள்வி கேட்கிறது.

நம்மிடையே மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பழனிக்குமார் இருக்கிறார். மீன் விற்கும் தாயின் மகன். திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களை வேலையிடத்தில் மட்டும் பார்க்காமல், சாவு வீட்டிலும் பிள்ளைகளின் முகத்திலும் பார்த்தவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்து எடுக்கவும் கற்றுத் தருகிறார். கேமரா கை மாறும்போது வெளிச்சம் விழும் இடமும் மாறுகிறது.

செஞ்சிக்கும் இதுதான் தேவை. கோட்டையின் குன்றுகளில் சிறிய ஒன்று பழைய ஆவணங்களில் 'சக்கிலிதுர்க்கம்' என்றும் 'சமார் டிக்ரி' என்றும் குறிக்கப்படுகிறது. தோல் வேலை செய்தவர்களின் குன்று என்று பொருள். சேணமும் செருப்பும் தைத்தவர்கள் இல்லாமல் எந்த அரசனின் குதிரையும் இங்கே நின்றிருக்காது. ராஜாக்களின் கதையைச் சொல்லும் தகவல் பலகைகளில் அவர்களுக்கும் சில வரிகள் வேண்டும்.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயரால் சுற்றுலாவுக்கு இனி பணம் வரும், கண்காட்சிகள் வரும். அதில் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்களின் ஒளிப்படப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் படங்களைக் கோட்டை வாசலிலேயே வைக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் கீழே எழுத வேண்டும். வெளியூரிலிருந்து வரும் கலைஞர்களிடம் நாம் கேட்பது இன்னும் எளிது. எடுத்த படத்தின் ஒரு பிரதியை, எடுத்தவரிடமே கொண்டுவந்து கொடுங்கள். அதில் தன் முகம் தெரிகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.