காவலும் வேவும்

அலுவலக வாயிலில் காவலாளியை நிறுத்துவது அனைவரின் நன்மைக்கே என்பதில் ஐயமில்லை. ஆயின், அக்காவலாளி ஊழியரின் பையைத் திறந்து அவருக்கு வந்த கடிதங்களைப் படிக்கத் தொடங்கினால், அதனைக் காவல் என்று எவரும் கூறார். கணிப்பொறியும் கைபேசியும் கொண்டு அலுவல்கள் நடைபெறும் இந்நாளில் இவ்வேறுபாடு மங்கி வருகிறது.

கணிப்பொறி அமைப்பினுள் யார், எப்பொழுது நுழைந்தார் என்ற குறிப்புகள் தாமாகவே பதிவாகின்றன. களவாக நுழைவோரைக் கண்டறிய அவை இன்றியமையாதவை. இதனை முன்னிட்டே, கணிப்பொறிப் பாதுகாப்பிற்குரிய மத்திய அரசின் அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், இக்குறிப்புகளை 180 நாட்கள் காத்து வைக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. எனினும், அதே குறிப்புகளைக் கொண்டு ஓர் ஊழியரின் பழக்கவழக்கங்களையும் துருவிப் பார்க்கலாம். கருவி ஒன்றே, நோக்கமே வேறு.

வேண்டாதவற்றைத் திரட்டுவதன் விளைவிற்கு ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் நிகழ்ந்தது தக்க உதாரணமாகும். எச் அண்ட் எம் என்னும் ஆடை வணிக நிறுவனத்தின் சேவை நிலையம் ஒன்றில், விடுப்பு முடிந்து திரும்பிய ஊழியர்களுடன் மேலாளர்கள் உரையாடி, அவர்தம் நோய், குடும்பத் தொல்லை முதலியவற்றை எழுதி வைத்தனர். 2019 அக்டோபரில் கணிப்பொறி அமைப்பில் நேர்ந்த பிழையால், நிறுவனத்தார் அனைவரும் அவற்றைச் சில மணி நேரம் காணக்கூடிய நிலை ஏற்பட்டது. இரகசியம் இவ்வாறு வெளிப்பட்டது. 2020இல் ஹாம்பர்க் நகரத் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஏறக்குறைய 3.5 கோடி யூரோ அபராதம் விதித்தார். எழுதப்படாத குறிப்பு எக்காலத்தும் கசியாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும், 2023இல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில காரியங்களுக்காக ஊழியரின் சம்மதமின்றியே அவரைப் பற்றிய தகவல்களைக் கையாள இடமளித்துள்ளது. சட்டம் இவ்வாறு நெகிழ்ந்து நிற்குமிடத்தில் தொழில் ஒழுக்கமே துணையாக வேண்டும்.

பாதுகாப்பு நிபுணரின் கடமை பூட்டுப் போடுவதோடு முடிந்துவிடுவதன்று. இக்குறிப்பு எதற்கு? இதனினும் குறைந்தது போதாதா? எப்பொழுது அழிக்கப்படும்? இவ்வினாக்களை அவர் மேலதிகாரியிடம் எழுப்புதல் வேண்டும். குறிப்புகளைப் படிப்பவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். ஒருவர் தனித்துத் திறக்கவும் இடமிருத்தலாகாது. இல்லையேல் வேலியே பயிரை மேய்ந்ததாக முடியும்.

பொதுப் பணத்தில் நடைபெறும் வேலைக்கு வருகைச் சான்று வேண்டுமென்பது நியாயமே. களப்பணியாளர் கிராமத்தை அடைந்தார், ஆசிரியர் பள்ளிக்கு வந்தார் என்பதை அறிய, வருகையைப் பதியும் அந்த ஒரு கணத்தில் இருக்குமிடம் தெரிந்தால் போதும். மாலையில் அவர் எந்த மருத்துவரிடம் சென்றார் என்பதை அலுவலகம் அறிய வேண்டுவதில்லை. ஆதலின், புதிய செயலியைக் கைபேசியில் ஏற்றுமாறு உத்தரவு வருங்கால், அது எவற்றைத் திரட்டுகிறது, எத்துணைக் காலம் வைத்திருக்கும் என்பதை எழுத்து மூலம் கேட்டறிவது கீழ்ப்படியாமை ஆகாது. அதற்கு விடையளிக்க இயலாத அலுவலகம் அத்தகவல்களைத் திரட்டாதிருப்பதே முறை.