மளிகைக் கடையில் களைக்கொல்லி எதற்கு?

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் களை எடுக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. களைக்கொல்லிக்குக் கிராக்கி கூடிவிட்டது. கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கிராமத்து மளிகைக் கடைக்காரர் சிலர் உப்பு, புளியோடு இதையும் வாங்கி வைக்கிறார்கள். காலி பாட்டிலில் ஊற்றிச் சில்லறையாகக் கொடுப்பதும் உண்டு. இந்த வியாபாரம் நமக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

பூச்சி மருந்துதான் விஷம், களைக்கொல்லி செடியை மட்டுமே கொல்லும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நுரையீரலும் சிறுநீரகமும் கெடும் என்பதைச் சிலர் அறிவர்; இதயமும் தப்பாது என்பதை அறிந்தவர் குறைவு. அதிகம் குடித்தவருக்கு இதயத் தசை பாதிக்கப்பட்டு, ரத்த அழுத்தம் இறங்கி, சில நாட்களுக்குள் மரணம் நேரிடும். சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். கிளைபோசேட் மருந்திலோ, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருளும் ரத்த அழுத்தத்தை விழச் செய்யும்.

குடித்தவர் முதல் நாளில் வாய் எரிச்சலோடு நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். அதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. 108-ஐ அழைத்து, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால்தான் இதயத்தின் நிலை தெரியும்.

1958-ல் கேரளத்தில், சரக்கோடு சரக்காக வந்த பாரத்தியான் பூச்சி மருந்து கோதுமை மாவில் கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகவே 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. களைக்கொல்லியும் இச்சட்டத்துக்கு உட்பட்டதுதான். விற்க லைசென்ஸ் வேண்டும். உணவுப் பொருள் இருக்கும் கட்டடத்தில் இதை வைக்கவோ விற்கவோ கூடாது என்பது 1971-ம் ஆண்டு விதி. கொசுவர்த்தி போன்ற வீட்டு உபயோகப் பொருட்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். அரிசி, பருப்பு ஏற்றும் வேனில் ஒரு பெட்டி மருந்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒழுகினால் மூட்டையில் இறங்கும். யார் வீட்டு உலைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

நாம் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார் என்று சிலர் கேட்கலாம். லைசென்ஸ் உள்ள உரக்கடைக்காரர் சீல் உடைக்காமல், லேபிளோடு விற்கட்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததைக் குழந்தை எடுத்துக் குடித்தால் கொடுத்தவரும் பதில் சொல்லியாக வேண்டும். கேரள அரசு 2011-ல் பாராகுவாட்டைத் தடை செய்தது. இலங்கையும் அதே ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது. நமக்குச் சட்டம் முன்பே வழி சொல்லியிருக்கிறது. கடையில் ஒரு பாட்டில் இருந்தாலும் இன்றே அப்புறப்படுத்துவோம்.