"காலித் துப்பாக்கி" என்றொரு கட்டுக்கதை

"துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தவறுதலாக வெடித்தது." செய்தித்தாள்களில் இந்த வரியைப் படிக்காதவர் இருக்க முடியாது. ஏதோ துப்பாக்கிக்குச் சொந்தப் புத்தி இருப்பது போலவும், திடீரென்று கோபம் வந்து அதுவாகவே வெடித்துவிட்டது போலவும்! அதே செய்தியில் கொஞ்சம் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: "உள்ளே தோட்டா இல்லை என்று நினைத்துவிட்டார்."

உண்மையான குற்றவாளி இந்த இரண்டாவது வரிதான். "காலித் துப்பாக்கி" என்ற நினைப்பு கொன்றவர்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 பேர் "தவறுதலாக" வெடித்த துப்பாக்கிகளால் சாகிறார்கள். இதை விபத்து என்று சொல்வது விபத்து என்ற வார்த்தைக்கே அவமானம்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது புரியும். தோட்டாக்கள் மேகசினில் அடுக்கப்பட்டு, அந்த மேகசின் கைப்பிடிக்குள் இருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால், அது முன்னே பாயும்போது உச்சியில் இருக்கும் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய், குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் செருகிவிடும். சுட்டதும் ஸ்லைடு தானாகவே பின்னால் வந்து காலிக்கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைச் செருகும்.

இங்கேதான் வில்லங்கம். மேகசினை உருவி எடுத்தாலும் சேம்பருக்குள் போய்விட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டியாகிவிட்டது, ஆனால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்பது போல! பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலே அந்த ஒரு தோட்டாவைச் சுட்டுவிடும். ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லாத் தோட்டாவும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிஸ்டல் அப்படியல்ல. மேகசின் கையோடு வந்துவிட்டால் "எல்லாம் வந்துவிட்டது" என்று மனசு நம்பிவிடுகிறது.

"இதெல்லாம் அனுபவம் இல்லாதவர்களுக்கு" என்று சொல்பவர்கள் ஆர்லாண்டோ கதையைக் கேட்க வேண்டும். 2004 ஏப்ரலில், ஃப்ளோரிடாவின் அந்த நகரத்தில், குழந்தைகளும் பெற்றோரும் கூடியிருந்த அறையில் போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஆள் இந்த அறையில் தான் மட்டும்தான் என்ற அர்த்தத்தில் சொல்லி முடித்த சில நொடிகளில்... டமார்! குண்டு அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. வீடியோ உலகமெல்லாம் பரவியது. அதைக் கசியவிட்டதாக அரசாங்கத்தின் மீது அவர் வழக்கும் போட்டார். 2012-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இந்தக் கதி. சினிமாவில் பார்த்துப் பழகியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்க மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அவர் பெயரால் நான்கு விதிகள் வழங்குகின்றன. எந்தத் துப்பாக்கியானாலும் தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொள். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலின் வாயைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இதன் அழகே, ஒரு விதியை ஒருவர் மறந்தாலும் மற்றவை காப்பாற்றும் என்பதுதான். தோட்டா இருப்பது தெரியாமல் விசையை அழுத்தினாலும், குழல் சரியான திசையில் இருந்தால் போவது சுவரின் காரை மட்டும்தான். ஒரு மனிதன் சாக வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒரே நேரத்தில் மீறப்பட வேண்டும். அதற்கு என்ன பெயர்? விபத்தா, அலட்சியமா?

பிஸ்டலைக் காலி செய்ய ஒரு வரிசை உண்டு. குழல் பாதுகாப்பான திசையில், விரல் விசைக்கு வெளியே. முதலில் மேகசினை எடுக்க வேண்டும். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும், ஒரு முறைக்குப் பல முறை. பிறகு ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய்விடும். கீழே விழுந்த தோட்டாவைப் பார்த்து "காலியாகிவிட்டது" என்று நம்புபவன் கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி!

அந்தச் "சுத்தம் செய்யும்போது" என்ற சாக்குக்கும் ஒரு காரணம் உண்டு. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டு, பிறகு உலகமெங்கும் போலீஸ் கைகளுக்குப் போன க்ளாக் பிஸ்டலைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை ஒரு தடவை அழுத்தியே ஆக வேண்டும். அமைப்பே அப்படி. சேம்பரைப் பார்க்காமல் அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே துடைக்கும் மேஜை இருக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. துடைக்காமலே விடுவதும் தீர்வல்ல. கரி சேர்ந்தால் ஸ்லைடு சிக்கும். சிக்கிய பிஸ்டலை உலுக்கி, திருப்பி, குழலுக்குள் எட்டிப் பார்க்கும் அதிபுத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைக்கு எந்த விதியைச் சொல்வது? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2003 முதல் 2021 வரை தவறுதலாகச் சுடப்பட்டு இறந்த, 18 வயதுக்குட்பட்ட 1,262 பேரைப் பற்றியது அது. 67 சதவீதச் சம்பவங்களில், சுட்டவர் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார் அல்லது மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்த சம்பவங்களில் ஏறக்குறைய முக்கால்வாசியில் அது பூட்டாமல் கிடந்தது. அதே அளவில் தோட்டாவோடும் இருந்தது. துப்பாக்கியைக் காலி செய்து ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு இடத்தில் இன்னொரு பூட்டு. இதைக்கூடச் செய்ய முடியாதவருக்குத் துப்பாக்கி எதற்கு?

சரி, வைத்திருப்பவரை மட்டும் திட்டினால் போதுமா? தயாரிப்பவர் என்ன செய்தார்? சேம்பரில் தோட்டா இருந்தால் வெளியே காட்டும் அடையாளம், மேகசினை எடுத்துவிட்டால் விசை வேலை செய்யாத பூட்டு. இரண்டும் நேற்றுக் கண்டுபிடித்த அதிசயங்கள் அல்ல. 1935-ல் வந்த பிரௌனிங் ஹை பவரிலேயே மேகசின் பூட்டு உண்டு. தோட்டா அடையாளமும் குழந்தை கை வைத்தால் வெடிக்காத பூட்டும் இருந்திருந்தால் தவறுதலான சாவுகளில் 31 சதவீதத்தைத் தடுத்திருக்கலாம் என்று 1991-லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் சொன்னது. புதிதாக அனுமதி கேட்கும் பிஸ்டல் மாடல்களில் தோட்டா அடையாளமும் மேகசின் பூட்டும் வேண்டும் என்று 2007 முதல் கலிபோர்னியா கேட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பம்தான்.

2001-ல் இலினாய் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அப்பாவின் பெரெட்டா பிஸ்டலை எடுத்தான். மேகசினை உருவினான், காலி என்று நினைத்தான், விசையை அழுத்தினான். நண்பன் செத்தான். இறந்தவனின் பெற்றோர் தயாரிப்பாளர் மீது வழக்குப் போட்டார்கள். 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கி வியாபாரத்தைப் பாதுகாக்கவே இயற்றிய ஒரு சட்டத்தைக் காட்டி, 2009-ல் இலினாய் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தடுத்துவிட்டது. 13 வயதுச் சிறுவன் சட்டப்படி பொறுப்பாளி, கம்பெனி பொறுப்பாளி அல்ல!

வணிகவியல் மாணவர்கள் நுகர்வோர் பாதுகாப்பு பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் 1972-ல் வந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொம்மையும் தொட்டிலும் வரும், துப்பாக்கி மட்டும் வராது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று கேட்கும் தேசம், நிஜத் துப்பாக்கியின் சேம்பரில் ஓர் அடையாளம் வேண்டும் என்று நாடு முழுவதற்கும் கேட்கவில்லை.

"அடையாளத்தை நம்பினால் எச்சரிக்கை குறையும், விதியே போதும்" என்பது தயாரிப்பாளர்களுக்காக வாதாடுபவர்களின் பதில். டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகக் காரில் பிரேக் விளக்கு வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? விதியும் வேண்டும், அடையாளமும் வேண்டும், பூட்டும் வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் அந்த இடத்தை நிரப்ப வருவது "காலி என்று நினைத்தேன்" என்ற வாக்குமூலம்தான்.

அடுத்த முறை யாராவது "பயப்படாதே, இது காலிதான்" என்று துப்பாக்கியை நீட்டினால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பார்த்தீர்களா, நினைத்தீர்களா?