காதால் பார்த்த படங்கள்

சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். அவனுடைய பாடசாலைத் தமிழ் மன்றம் வெளியிடவிருக்கும் மலருக்கு, நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தவை எனக் கருதும் பத்துத் தமிழ்த் திரைப்படங்களை வரிசைப்படுத்தித் தரவேண்டும் என்பது அவன் வேண்டுகோள். வரிசைப்படுத்துவது எனக்கு என்றுமே கைவராத வித்தை. பரீட்சை விடைத்தாள்களுக்குப் புள்ளியிட்டே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன், கலைக்கும் புள்ளியிட வேண்டுமா என்ற சலிப்பும் உண்டு. ஆயினும் பிள்ளை கேட்டுவிட்டானே என்று அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஐந்தாறு பெயர்களை எழுதியதும் ஒன்று புலப்பட்டது. முதலில் எழுதிய படங்களை நினைக்கும்போது எனக்குக் குரல்கள் கேட்டனவேயன்றி, காட்சி ஒன்றேனும் கண்முன் எழவில்லை.

‘பராசக்தி’யை எடுத்துக்கொள்வோம். 1952இல் வெளிவந்த அப்படத்தை நான் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகளின் பின்னர், யாழ்ப்பாணத்தில் அது மீண்டும் திரையிடப்பட்டபோது. கலரியில் என்னைச் சுற்றியிருந்தோர் நீதிமன்றக் காட்சியின் வசனத்தைச் சிவாஜி கணேசனுக்கு ஒரு சொல் முந்தியே சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்களுட் பலர் அதனைப் படமாகப் பார்ப்பதற்கு முன்னரே ஒலிப்பெருக்கியில் கேட்டு மனனம் செய்தவர்கள். நானும் அவ்வாறே. இன்றும் அவ்வசனத்தை ஒப்புவிக்க என்னால் முடியும். ஆனால் அந்த நீதிமன்றத்தில் யன்னல் எந்தப் பக்கம் இருந்தது, கூட்டில் நின்றவன் முகத்தில் ஒளி எங்கிருந்து விழுந்தது என்று கேட்டால் விழிப்பேன். நாம் படங்களைக் கண்ணாற் பார்த்தவர்கள் அல்லர், காதால் பார்த்தவர்கள்.

இதனைக் குற்றமாக மட்டும் கூறுதல் நேர்மையாகாது. கூத்தும் இசை நாடகமும் கதாப்பிரசங்கமும் பழக்கிய காது நமது காது. விடியவிடியக் கொட்டகையில் இருந்து பாட்டையும் பேச்சையும் மாந்திய மக்கள், பேசும் படம் வந்தபோது அதனிடமும் அதையே எதிர்பார்த்தனர். கலைஞர் கருணாநிதியின் வசனம் அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் வார்த்தது. அதன் வேகத்தை இன்றும் நான் இரசிக்கின்றேன். ஆனால் தாகம் தீர்ந்த பின்னரும் நாம் வேறெதனையும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கேட்க வாய்ப்பு இருந்தது. ‘பராசக்தி’க்கு இரண்டாண்டுகளின் பின், 1954இல், அதே ஏவி.எம். நிறுவனம், அதே சிவாஜி கணேசனைக் கொண்டு ‘அந்த நாள்’ என்ற படத்தைத் தந்தது. பாடல் இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. 1943இல் சென்னையில் யப்பானியக் குண்டு விழுந்த நாட்களைப் பின்னணியாகக் கொண்டு, கொலையுண்ட வானொலிப் பொறியியலாளன் ஒருவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்லும் படம். கதாநாயகன் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கின்றான்! இதனை நெறிப்படுத்தியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்துவான் ஒருவரே பாடலற்ற முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு. மௌனத்தின் பெறுமதி இசைவாணனுக்குத் தெரிந்திருக்கிறது, இரசிகனுக்குத் தெரியவில்லை. படம் வெளிவந்த காலத்தில் வசூல் தரவில்லை.

காதின் இந்த ஆட்சி நமக்கு மட்டும் உரியதன்று. நமது நாட்டின் முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், அது உருவானது மதுரையில், அவருடைய சித்திரகலா மூவிடோன் கலையகத்தில். நாடக மேடையை அப்படியே பெயர்த்தெடுத்துப் பாட்டும் வசனமும் நிறைத்துக் காட்டும் அந்த அச்சிலேயே பின்வந்த சிங்களப் படங்கள் பலவும் வார்க்கப்பட்டன. அதனை உடைத்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956இல் அவர் எடுத்த ‘ரேகாவ’ கலையகச் சுவர்களை விட்டு வெளியேறிக் கிராமத்து வெயிலில் நின்றது. சேனா என்ற சிறுவன், பார்வை மங்கிவரும் அனுலா என்ற சிறுமி, பட்டம், பொய்க்காற் கூத்தாடி, அவன் குரங்கு. பின்னர் சிறுவனிடம் தெய்வ சக்தி உண்டென நம்பி மொய்க்கும் ஊர், அவனால் ஒருவர் பிழைக்காதபோது அவன் மீதே பாயும் அதே ஊர். 1957இல் கான் விழாவுக்குச் சென்ற அப்படத்தையும் நாட்டு மக்கள் பெரிதாக வரவேற்கவில்லை. ஆனால் அவர் ஓய்ந்துவிடவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை வைத்து 1963இல் ‘கம்பெரலிய’வைத் தந்தார். 1965இல் புதுடில்லி விழாவில் அது தங்க மயிலைப் பெற்றது.

‘கம்பெரலிய’வைப் பார்க்காத தமிழ் ஆசிரியர்கள் இருப்பின், தயவுசெய்து தேடிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். வளவு வீட்டுப் பெண்ணை விரும்பிய இளம் ஆசிரியன் குலத்தராதரம் போதாதென ஒதுக்கப்படுகிறான். வீடு சிதைகிறது, பெருமை மட்டும் சிதையாமல் நிற்கிறது. இதில் யாழ்ப்பாணத்தவருக்கு விளங்காதது எது? மொழியைத் தவிர மற்றெல்லாம் நம்முடையவை. ஆனால் அப்படம் கொழும்பில் ஓடிய காலத்தில் நம்மவர்கள் தென்னிந்தியப் படங்களுக்கு வரிசையில் நின்றனர். நானும் 1979இல், கொழும்பில் மாணவனாக இருந்தபோதுதான், ஒரு சிங்கள நண்பனின் நச்சரிப்பினால் அதனைப் பார்த்தேன்.

அதற்கு இரண்டாண்டுகளின் முன்னர் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே கூறியாக வேண்டும்.

1977இல் ‘பொன்மணி’ வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிங்களம் கற்பித்த தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய தமிழ்ப் படம். எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனத்தாலும் சாதியாலும் நெருக்குண்ட ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கதை. எனக்கு வயது பதினெட்டு. நண்பர் நால்வருடன் சென்றேன். திரையில் ஒரு பெண் வாய்திறந்து நம் ஊர்ப் பேச்சில் பேசினாள். கலரியில் ஒருவன் சிரித்தான். பின் பலர் சிரித்தனர். சிரிப்பதற்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் அயலில் நாள்தோறும் பேசுவதைத்தான் அவள் பேசினாள். ஆனால் திரை என்றால் மதராஸ்த் தமிழ். யாழ்ப்பாணப் பேச்சென்றால் நகைச்சுவைக்கு மட்டும் உரியது என்று எமது காது பழகிவிட்டிருந்தது. நானும் சிரித்தேன். இடைவேளையோடு எழுந்து வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “படம் எப்பிடி?” என்று கேட்டார். “எங்கட வீட்டுக் கதைதான் அம்மா. காசு குடுத்துப் பார்க்க அதிலை என்ன கிடக்கு?” என்றேன். அம்மா மறுமொழி சொல்லவில்லை. அக்கா குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சீதனக் காணி பற்றிய பேச்சில் மூன்று சம்பந்தங்கள் தட்டுப்பட்டிருந்தன. நான் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அந்த வீட்டில் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

படம் நெடுநாள் ஓடவில்லை. இருபதாண்டுகள் கழித்துக் கீறல் விழுந்த ஒரு பிரதியில் அதனை முழுமையாகப் பார்த்தேன். குறைகள் உண்டு. நடையில் தொய்வு உண்டு; சில இடங்களில் நடிப்பு மேடையை நினைவூட்டுகிறது. ஆனால் பெண்கள் வீட்டுக்குள் காத்திருக்கும் காலத்தை அந்த நெறியாளர் கத்தரிக்கவில்லை. பார்ப்பவனையும் காத்திருக்கச் செய்கிறார். என் வீட்டில் பத்தாண்டுகளாக நான் காணாதிருந்ததை, எங்கள் மொழி தாய்மொழியல்லாத ஒருவர் கண்டிருந்தார். அக்காவுக்குப் பின்னர் திருமணம் நடக்கவேயில்லை. அந்தப் பிரதியை அவருக்குக் காட்டும் துணிவும் எனக்கு வரவில்லை.

நம் பேச்சுத் திரையில் சிரிப்புக்குரியதாக இருந்த நிலை விரைவில் மாறவில்லை. 2000ஆம் ஆண்டின் ‘தெனாலி’யில் கமல்ஹாசன் அதனைக் கவனமாகப் பயின்று பேசினார், அவருடைய உழைப்பை மதிக்கிறேன், ஆயினும் படம் அதனை வைத்துச் செய்தது நகைச்சுவையே. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ இவ்விடயத்தில் வேறு வகை. பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியார் எடுத்த அப்படத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தி நம் பேச்சை ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றார். அறிமுகமே இல்லாத மூவர் ஒரு குடும்பமாக நடித்து அந்நிய நாட்டில் ஒரே வீட்டில் வாழும் பகுதிகள் மிக நுட்பமானவை. ஆனால் இறுதித் துப்பாக்கிச் சண்டையை என்னால் ஏற்க முடியவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவனை, அரங்கின் திருப்திக்காக மீண்டும் ஒருமுறை கொலைக்கு அனுப்புகிறது படம். விருதுக்குழுவினருடன் நான் மாறுபடுவதால் உலகத்துக்கு நட்டமில்லை.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து தமிழகம் சென்ற பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) பற்றி எழுதாவிட்டால் இக்கட்டுரை முடியாது. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையில், அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொந்தமாகச் சிறு வீடொன்றைக் கட்ட முனைகின்றாள். கடன், ஒப்பந்தகாரனின் திருட்டு, அரசாங்க அலுவலகங்கள்: கதை இவ்வளவே. பாடல் கிடையாது. பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா ஒருநாள் தனியாக வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறைக்குள் நுழைந்து நுழைந்து வெளிவருகிறார். தமக்குத் தாமே சிரிக்கிறார். வசனம் ஒன்றுமில்லை, இளையராஜாவின் இசை மட்டும். அவர் வீட்டுக்கு உயிருடன் திரும்புவதில்லை. தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடையில் ஊறியவர். குரலால் வாழ்ந்த மரபில் வந்த ஒருவர் முதுமையில் வாய்பேசாது நடித்த அந்தச் சில நிமிடங்களே, தமிழ்ப் படவுலகில் நான் கண்ட மிக உயர்ந்த நடிப்பு. இதில் எனக்கு ஐயமே இல்லை.

அப்படத்தின் மூல நெகடிவ் அழிந்துவிட்டதென்று பாலுமகேந்திரா 2014இல் மறைவதற்கு முன்னர் மேடைகளில் மனம் நொந்து கூறினார். ஓலைச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் போற்றும் நாம், நம் வாழ்நாளிலேயே எடுக்கப்பட்ட படங்கள் கெட்டழியும்போது வாளாவிருக்கிறோம். நம் நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களின் எண்ணிக்கை சிறிது. அவற்றின் பிரதிகள் எங்கே, எந்த நிலையில் உள்ளன என்று ஒரு கணக்கெடுப்பையேனும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் செய்யலாம். மாணவர் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பேராசிரியர்கள் கவனிப்பார்களாக.

இக்காலத்துப் படங்களைப் பற்றி முதியவன் ஒருவன் முறையிடுவான் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். முறைப்பாடு உண்டு. பெரிய படங்கள் பலவற்றில் இன்று பேச்சும் விளங்குவதில்லை, முழக்கமே கேட்கிறது. கருணாநிதியின் வசனத்துக்குக் காதைக் கொடுத்தோம். இப்போது முரசுக்குக் கொடுத்திருக்கிறோம். இருந்தும் என் வாலிபத்தில் கிடைக்காத பேறு இன்றைய மாணவருக்குக் கிடைத்திருக்கிறது. பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாத படம். அதில் அடக்க முயலப்படும் பெண் பேசாமலிருப்பதே அவளுடைய எதிர்ப்பு. அவருடைய முதற்படமாகிய ‘கூழாங்கல்’ 2021இல் ரொட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. எனக்கு அதுவே மேலும் உவப்பானது. குடிகாரத் தந்தை ஒருவன் பாடசாலையிலிருந்த மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துச் சென்ற மனைவியைத் தேடிப் போகிறான். திரும்பும்போது பொட்டல் வெயிலில் இருவரும் நடந்தே வருகிறார்கள். அவ்வளவுதான்.

பட்டியல் கேட்ட மாணவனை அழைத்து, பட்டியலுக்குப் பதிலாக இந்தப் படத்தை என் வீட்டில் போட்டுக் காட்டினேன். முதற் கால் மணிநேரம் அவன் நெளிந்தான், கைத்தொலைபேசியைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. நடக்கும்போது தாகத்துக்காக வாயில் ஒரு கூழாங்கல்லை இட்டுக்கொள்ளும் சிறுவன், வீடு வந்ததும் அதனை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே அவ்வாறான கற்கள் குவிந்து கிடக்கின்றன. யாரும் எதுவும் சொல்வதில்லை.

படம் முடிந்தபின் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவன் கேட்டான்: “சேர், அதிலை எத்தினை கல்லுக் கிடந்தது? எண்ணினீங்களா?”

நான் எண்ணியிருக்கவில்லை. அந்த இடத்துக்குப் படத்தைத் திருப்பி, மறுபடியும் ஓடவிட்டோம்.