விதிமுறைப் புத்தகம் யாருடைய சொத்து?

2012 ஆகஸ்டில், டிப்ளமோ முடித்த கையோடு கோவையில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். அப்பா அன்னூர்ப் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். கல்லூரிக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. அதே ஆண்டில்தான் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். வாசலைத் திறந்துவிட்டது இயக்கம். உள்ளே போன பிறகு எந்தப் பக்கம் நடப்பது என்று சொல்லத்தான் யாருமில்லை.

நேரடி இரண்டாம் ஆண்டு என்றால் மூன்றாவது செமஸ்டரில் போய் உட்காருவது. முதல் வருடத்தின் எம்-1, எம்-2 கணிதத் தாள்களை நாங்கள் படித்திருக்க மாட்டோம். ஆனால் முதல் நாளே எம்-3 தொடங்கிவிடும். "இது எம்-2வில் பார்த்ததுதானே" என்று பேராசிரியர் இரண்டு வரியில் முடித்துப் பலகையை அழித்துவிடுவார். பார்க்காதவர்கள் யார் என்று அவர் கேட்டதில்லை. கை தூக்க எங்களுக்கும் கூச்சம்.

அந்த வகுப்பில் இன்னொரு பாடமும் கற்றேன். விதிமுறைப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. எத்தனை கிரெடிட் வேண்டும், வருகைப்பதிவு குறைந்தால் என்ன செய்வது, மறுமதிப்பீட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் அண்ணன், மாமா பையன், அதே கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். சீனியர்கள் நோட்டுக் கொடுப்பதும் இதே வழியில்தான். எங்கள் பகுதியில் புதியவனிடம் பேர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "எந்த ஊரு? யார் தோட்டம்?" கொஞ்சம் நெருங்கினால், "நீங்க என்ன கூட்டம்?" பதில் தெரிந்த பிறகு பேச்சும் நோட்டும் வேறு பக்கம் திரும்பிவிடும். 2015இல், உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக் கொன்ற மண் இது. அவரும் பொறியியல் படித்தவர்தான். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்பதுகூட இங்கே எல்லோருக்கும் ஒன்றுபோல் எளிதல்ல.

எம்-3யில் எனக்கு அரியர் விழுந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன் என்று நம்பினேன். என்னைப் போலவே தோற்ற ஒரு நண்பன் விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீடு போட்டு, தேர்ச்சி பெற்றுவிட்டான். அவன் மாமா ஒரு கல்லூரியில் பேராசிரியர். நான் அலுவலகத்தில் போய் நின்றபோது, "தேதி போன வாரமே முடிஞ்சுது தம்பி, நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தோமே, பாக்கலியா?" என்றார்கள். ஏழாவது செமஸ்டரில் கம்பெனிகள் வந்தபோதும் அந்த அரியர் என்னோடு இருந்தது. நிலுவை அரியர் இருப்பவர்கள் நேர்காணலுக்கே வரக் கூடாது என்பது நிபந்தனை. ஐந்தாவது முறை எழுதித்தான் பாஸானேன். என்னைப் பற்றித் துறையில் சொன்னது ஒரே வாக்கியம்: "கோட்டாவுல வந்தா இப்படித்தான்."

இதைவிட வலிக்கிற கணக்கு ஒன்று உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் அவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் அரசாணை எண் 92 வந்தது. நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்லூரியில் யாரும் அதைச் சொல்லவில்லை. "மொதல்ல கட்டுங்க, ஸ்காலர்ஷிப் வந்தா திருப்பித் தர்றோம்" என்றார்கள். அப்பா தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். அந்த முன்பணத்துக்காக, வேறு எங்கே கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாமல், அதே தோட்டத்தில் கிடந்தார். கடைசி வருடம் ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் சொல்லித்தான் அப்படியொரு அரசாணை இருப்பதே எனக்குத் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்பதை முதல் நாளே மைக்கில் சொன்னார்கள். 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து அனுமதி கேட்கலாம் என்பதைச் சொல்லவில்லை. ராத்திரி லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு படித்த என் அறைத்தோழன் அது தெரியாமல் பயந்து, வருவதையே நிறுத்திவிட்டான். நம்மைத் தடுக்கிற விதி அன்றைக்கே வந்து சேர்கிறது. நமக்கு உதவுகிற விதி, நாம் வெளியேறிய பிறகுதான் வருகிறது.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. நிலத்தைப் போல, நகையைப் போல, கல்லூரியை எப்படிக் கடப்பது என்கிற அறிவும் பரம்பரைச் சொத்தாகத்தான் கைமாறுகிறது. அது இல்லாதவனின் அரியரை அவன் மூளையின் குறையாக எழுதிவிடுகிறார்கள்.

வரப்போவது இன்னும் சிக்கலான காலம். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம், கிரெடிட்டைச் சேமித்து வேறு கல்லூரிக்கு மாற்றலாம், இடையில் வெளியேறி மறுபடி வரலாம் என்கிறார்கள். சேமித்த கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தக் கிரெடிட் எங்கே செல்லும் என்று வீட்டிலேயே விசாரிக்க ஆள் இருப்பவர்களுக்கு அது சுதந்திரம். நம் பிள்ளைகளுக்கு அது மரியாதையாக வெளியே அனுப்பும் வாசலாக மாறும் ஆபத்து இருக்கிறது.

பாபாசாகேப் அம்பேத்கரும் கொலம்பியாவில் படித்துவிட்டு லண்டனுக்கு மாறியவர்தான். பரோடா உதவித்தொகை முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொண்டே நாடு திரும்பினார். 1920இல் மறுபடி போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பெற்றார். அவருடைய அறிவை நாம் கொண்டாடுகிறோம். விதியைக் கேட்டுத் தெரிந்து, தன் இடத்தை உறுதி செய்துகொண்டு கிளம்பிய அந்தக் கவனத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

கல்லூரிகளிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதல்ல. சேரும் நாளிலேயே தமிழில் ஒரு தாள்: எந்தத் தாள்கள், எத்தனை கிரெடிட், மறுமதிப்பீட்டுக்கு எங்கே எப்போது போவது, எந்த அரசாணை யாருக்கு. நேரடி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு எம்-3க்கு முன்பு சில வாரம் இணைப்பு வகுப்பு. பெயர்ப் பலகையோடு நின்றுவிடாமல், மாணவன் போய் உட்கார்ந்து கேட்கக்கூடிய எஸ்.சி., எஸ்.டி. பிரிவு.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொறியியலை விட்டு எம்.எஸ்.டபிள்யூ. படித்து, இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாங்கள் நான்கைந்து பேர் காந்திபுரத்தில் ஒரு நண்பரின் அறையில் உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்தவர்களோடு அவரவர் கல்லூரி விதிமுறையை வரிவரியாகப் படிக்கிறோம். போன வருடம் ஒரு தங்கை கேட்டாள்: "ஏனுங்ணா, இதையெல்லாம் போய்க் கேட்டா திட்ட மாட்டாங்களா?"

திட்டலாம். அதனால்தான் தனியாகப் போகாதே, நாங்களும் வருகிறோம் என்றோம். மறுநாள் அவளோடு மூன்று பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, ரசீதும் கொடுத்தார்கள்.

தோழர்களே, நீங்கள் படித்த கல்லூரியின் விதிமுறை உங்களுக்குத் தெரியும். இந்த ஆகஸ்டில் அதை யாருக்குச் சொல்லித் தரப்போகிறீர்கள்?